கொலம்பியா ஆற்றங்கரையில் நின்று கிங் சால்மன் பிடிப்பது: கடலூர்ப் பழக்கம் எவ்வளவு தூரம் உதவும்?

கெடிலக்கரையான் (மஞ்சக்குப்பம், கடலூர்)

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாண்டு நகரில் என் மகள் குடும்பத்தோடு வசிக்கிறாள். ஆகஸ்ட் இறுதியில் அங்கே சென்று அக்டோபர் நடுப்பகுதிவரை தங்கவிருக்கிறேன். சினூக் என்றும் கிங் சால்மன் என்றும் அழைக்கப்படும் மீன் அந்த மாதங்களில்தான் கடலிலிருந்து கொலம்பியா ஆற்றுக்குள் ஏறும் என்று மருமகன் கூறினார். படகு வாடகை மிக அதிகம். தவிரவும் எனக்குக் கரையில் நின்று பிடிப்பதே பழக்கம்.

பெண்ணையாற்று முகத்துவாரத்திலும், முதுநகர்ப் பக்கம் உப்பனாற்றிலும் கொடுவாவுக்கும் செப்பிலிக்கும் பல ஆண்டுகளாகத் தூண்டில் போட்டு வருகிறேன். மடவைக் கூட்டம் ஒதுங்கும் இடத்துக்குக் கொடுவா தேடி வரும், ஏற்றம் நின்று வற்றம் தொடங்கும் நேரத்தில் உயிர் இறாலை நீரோட்டத்தோடு விட்டால் அடிக்கும் என்பதே என் கணக்கு முழுவதும். ஆனால் சால்மனைப் பற்றிப் படிக்கும் இடங்களிலெல்லாம், ஆற்றுக்குள் நுழைந்தபின் அது இரை எடுப்பதையே நிறுத்திவிடும் என்று எழுதியிருக்கிறார்கள். பசியில்லாத மீன் தூண்டிலை ஏன் கடிக்க வேண்டும்? என்னுடைய கோலையும் ரீலையும் எடுத்துச் செல்லலாமா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

சுண்ணாம்பாற்றுக்காரன் (நோணாங்குப்பம், புதுச்சேரி)

ஐயா, வணக்கம். போர்ட்லாண்டுக்கு எதிர்க்கரையில், வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த வான்கூவர் என்ற ஊரில் வேலை நிமித்தம் சில ஆண்டுகள் இருந்தேன். நீங்கள் தங்கும் காலம் மிகச் சரியான காலம். இலையுதிர்காலச் சினூக் ஆகஸ்டில் கொலம்பியாவின் முகத்துவாரத்தில் திரளத் தொடங்கி, செப்டம்பர் முதற்பாதியில், கடலிலிருந்து சுமார் 235 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் பான்வில் அணையை மிகுதியாகக் கடக்கும். அக்டோபரில் பெரிய ஆற்றின் கீழ்ப்பகுதியில் கூட்டம் மெலிந்துவிடும் என்பதால், போய் இறங்கிய கையோடு தொடங்கிவிடுவது நல்லது.

அது ஏன் கடிக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். கடலில் சேர்த்த கொழுப்பை மட்டும் நம்பித்தான் அந்த மீன் ஆற்றில் ஏறுகிறது. இரைப்பை சுருங்க, உடலின் சத்து முட்டைக்கும் விந்துக்கும் போய்ச் சேர்கிறது. முட்டையிட்டபின் ஆணும் பெண்ணும் இறந்துவிடும். ஆயினும் வேட்டையாடி வளர்ந்த மீனுக்கு வாயால் கவ்வும் அனிச்சை மறைந்துபோவதில்லை. மூக்குக்கு நேரே ஒன்று பளபளத்துச் சுழன்றால் எரிச்சலினாலோ, வழியை மறிப்பதை விரட்டும் வேகத்தினாலோ, பழைய பழக்கத்தினாலோ கவ்விவிடும். இவற்றுள் எது முதன்மையான காரணம் என்று அங்குள்ள தூண்டில்காரர்கள் இன்றும் ஓயாமல் வாதிடுகிறார்கள். கரையில் நிற்பவருக்கு அந்த வாதத்தைவிட அதன் விளைவு முக்கியம்: கொடுவா இரையைத் தேடிப் பத்தடி விலகி வரும், சால்மன் பெரும்பாலும் வராது. ஆகவே அது போகும் வழி எது என்று கண்டுபிடித்து, அந்த வழியிலேயே இரையை நிறுத்தி வைக்க வேண்டும்.

நெடுந்தூரம் எதிர்நீச்சல் போட வேண்டிய மீன் பலத்தை வீணாக்காது. நட்டாற்றின் வேகத்தை விட்டு விலகி, ஓட்டம் தளர்ந்திருக்கும் ஓரத்தில், தரையை ஒட்டி ஏறும். சோவி தீவின் மணற்கரைகளிலும் வான்கூவர் பக்கத்துப் பிரெஞ்சுமென்ஸ் பார் பூங்காவிலும் இரண்டு முதல் நான்கு மீட்டர் ஆழத்திலேயே மீன் நடமாடுவதைப் பார்க்கலாம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் அலையைத் தாண்டி வீசிப் பழகியவர்கள் அங்கேயும் கையின் முழு வலுவோடு வீசி, மீனுக்கு அப்பால் இரையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள்.

கடலின் ஏற்ற வற்றம் பான்வில் அணைவரை உணரப்படும் ஆறு அது. வற்றத்தின்போது ஓட்டம் வலுக்கும். வலுத்தால் மீன் இன்னும் கரையோரமாக நெருங்கும். சுழலும் இரைக்கும் அந்த ஓட்டம் உயிர் கொடுக்கும். வற்றத்தை நம்பும் உங்கள் கணக்கு அங்கேயும் செல்லும், காரணம் மட்டும் வேறு.

அங்கே கரைக்காரர்கள் செய்யும் முறைக்குப் பிளங்கிங் என்று பெயர். நூறு முதல் இருநூற்றைம்பது கிராம்வரை எடையுள்ள ஈயத்தைத் தரையில் ஊன்றவிட்டு, அதற்குச் சற்று மேலிருந்து ஒரு தனி நரம்பில் ஸ்பின்-என்-க்ளோ எனப்படும் சிறகு வைத்த மிதவையையும் முள்ளையும் இணைத்துவிடுவார்கள். அது தரைக்கு மேல் மிதந்து ஓட்டத்தில் தானே சுழலும். கோலைத் தாங்கியில் நிறுத்தி, நுனியில் மணி கட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். நம்மூரில் கடற்கரையில் மணி கட்டிக் காத்திருப்பவருக்கு இதில் புதிதாகக் கற்க அதிகம் இல்லை.

உப்பனாறு வடகரை (முதுநகர், கடலூர்)

மேலே நண்பர் எழுதியவற்றோடு உடன்படுகிறேன். கருவியைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். உங்கள் கொடுவாக் கோலை இங்கேயே விட்டுச் செல்லுங்கள். ஏழு முதல் பதினோரு கிலோ எடையில் ஒரு மீன், நல்ல நீரோட்டத்தின் துணையோடு கீழ்நோக்கி ஓடும்போது, இருபது பவுண்டு பின்னல் நரம்பு சுற்றிய சிறிய ரீல் தாங்காது. ஒன்பது அல்லது பத்தடிக் கனத்த கோல், ஐம்பது முதல் அறுபத்தைந்து பவுண்டு பின்னல் நரம்பு, நிறைய நரம்பு கொள்ளும் ரீல் ஆகியவற்றை அங்கேயே இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

நெடுநேரம் உட்கார்ந்திருக்கப் பொறுமை இல்லையென்றால் சுழல் தகடான ஸ்பின்னரையோ கரண்டி வடிவத் தகட்டையோ வீசலாம் என்பது என் எண்ணம். ஆனால் அகன்ற பெரிய ஆற்றைவிட, அதில் வந்து சேரும் சிற்றாறுகளின் வாய்க்கும் ஆழமான மடுக்களுக்கும்தான் அது பொருந்தும். விடியலின் முதல் வெளிச்சத்தில் வீச வேண்டும், தகடு சுழல்வது கையில் தெரியும் அளவுக்கு மட்டும் மெதுவாகச் சுற்ற வேண்டும்.

இன்னொரு யோசனை: விடுமுறையைச் சற்று முன்னதாக்கி அலாஸ்காவின் கீனாய் ஆற்றுக்குச் செல்ல இயலுமா? தூண்டிலில் பிடிபட்ட கிங் சால்மன்களுள் உலகச் சாதனை மீன், 97 பவுண்டுக்குச் சற்று மேல், 1985ஆம் ஆண்டு அங்கேதான் சிக்கியது.

சுண்ணாம்பாற்றுக்காரன்

கீனாய் யோசனை இப்போது பயன்படாது. அங்கே கிங் சால்மன் வரத்து வெகுவாகக் குறைந்துவிட்டதால் அண்மை ஆண்டுகளில் அந்த மீனுக்குத் தூண்டில் போடுவதையே தடை செய்திருக்கிறார்கள். யூகான் ஆற்றில் அலாஸ்காவும் கனடாவும் 2024இல் ஓர் உடன்பாடு செய்து, ஏழாண்டுகளுக்குச் சினூக் பிடிப்பதை நிறுத்திவைத்துள்ளன. கொலம்பியாவிலேயே இருங்கள்.

அங்கேயும் சட்டம் இறுக்கமானது. நீங்கள் நிற்கும் கரை எந்த மாநிலத்தைச் சேர்ந்ததோ அந்த மாநிலத்தின் உரிமம் தேவை. ஓரிகன் கரையென்றால் உரிமத்தோடு சால்மனுக்கான பதிவுச் சீட்டும், கொலம்பியா வடிநிலத்துக்கான தனி ஒப்புதலும் வாங்க வேண்டும். வைத்துக்கொள்ளும் மீனை அந்த இடத்திலேயே பதிவு செய்துவிட வேண்டும். பொரிப்பகத்தில் வளர்த்து விடப்படும் மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையிலுள்ள சிறிய கொழுப்புத் துடுப்பைக் குஞ்சுப் பருவத்திலேயே வெட்டிவிடுவார்கள். சில நாட்களில் துடுப்பு வெட்டப்பட்ட மீனை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். சில நாட்களில் இரண்டையும் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. சில சமயம் பருவத்தின் நடுவிலேயே, ஓரிரு நாள் முன்னறிவிப்போடு எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள். கொலம்பியாவில் வந்து சேரும் ஸ்நேக் ஆற்றின் இலையுதிர்காலச் சினூக் 1992 முதலும், கீழ்க் கொலம்பியாச் சினூக் 1999 முதலும் அழியும் ஆபத்திலுள்ள உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. அவையும் மற்ற மீன்களோடு கலந்தே ஏறுவதால்தான் இந்தக் கெடுபிடி. புறப்படும் நாளன்று காலையில் மீன்வளத் துறையின் அறிவிப்பைப் பார்க்காமல் வீட்டைவிட்டுக் கிளம்பக் கூடாது.

கெடிலக்கரையான்

இருவருக்கும் நன்றி. இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. ஒரு காணொளியில், நீண்ட நரம்பை ஓட்டத்தின் குறுக்கே இழுத்து, வாயைத் திறந்து மூடும் மீனின் வாயோரத்தில் முள்ளை மாட்டுகிறார்கள். அது சரியான முறைதானா? அடுத்து, பான்வில் அணையில் மீன்களை எண்ணி அன்றாடம் வெளியிடுகிறார்களாமே, அதை எப்படிப் பயன்படுத்துவது?

உப்பனாறு வடகரை

அந்த முறைக்குப் பிளாசிங் என்று பெயர். வாயில் மாட்டியதென்றால் பல இடங்களில் சட்டம் குறுக்கே நிற்காது. உடம்பில் மாட்டிய மீனை விட்டுவிட வேண்டும். கடிக்காத மீனைக் கொக்கி போட்டு இழுப்பது தூண்டில் ஆகாது என்பது என் கருத்து. அதைச் செய்பவர்களும் கரைகளில் உண்டு, அவர்களுக்குப் பக்கத்தில் நின்றால் வீண் சண்டைதான் மிஞ்சும்.

சுண்ணாம்பாற்றுக்காரன்

நானும் அதைத் தவிர்க்கவே சொல்வேன். அணையின் எண்ணிக்கையைப் பொறுத்தவரை ஒன்றை நினைவில் வையுங்கள். அணை போர்ட்லாண்டுக்கு மேலே இருப்பதால், அங்கே காட்டும் எண் உங்கள் கரையை ஏற்கெனவே கடந்துபோன மீன்களுடையது. நாளுக்கு நாள் எண் ஏறிக்கொண்டிருந்தால் பின்னால் இன்னும் வருகிறது என்று பொருள். தொடர்ந்து இறங்கினால் பெரிய கூட்டம் போய்விட்டது. நீரின் வெப்பத்தையும் சேர்த்துப் பாருங்கள். இருபது டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் மீன் ஏறத் தயங்கும். செப்டம்பரில் ஆறு குளிரத் தொடங்கியதும் நடமாட்டம் விறுவிறுப்பாகும்.

சோவி தீவில் பேரக்குழந்தைகளை நீர் விளிம்பில் உட்கார வைக்காதீர்கள். பெரிய சரக்குக் கப்பல்கள் அந்த ஆற்று வழியாகப் போகும். கப்பல் கடந்தபின் தண்ணீர் முதலில் பின்வாங்கி, பிறகு திடீரென்று கரையேறி நாற்காலியையும் கோலையும் அடித்துக்கொண்டு போய்விடும். பக்கத்திலிருப்பவருக்கு மீன் மாட்டினால் உங்கள் நரம்பை உடனே சுற்றி எடுத்துவிடுவது அங்கே எழுதப்படாத விதி.

சமைப்பதற்கென்றால் வெள்ளி போல் மின்னும் மீனை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கறுத்துப்போன மீனின் சதை வெளிறிச் சுவையிழந்திருக்கும். கொழுப்பு மிகுந்த மீன் என்பதால் புளிக்குழம்பைவிட மிளகாய்த்தூள் தடவி வறுப்பதே பொருந்தும். ஒன்றும் சிக்காத நாளில், அணைக்குச் சற்று மேலே காஸ்கேட் லாக்ஸ் என்ற ஊரில் பூர்வகுடி மீனவர்கள் தாங்கள் பிடித்த சால்மனைப் பாலத்தடியில் நேரடியாக விற்பார்கள். 1855ஆம் ஆண்டு உடன்படிக்கைகளின்படி அந்த ஆற்றில் மீன்பிடிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. பணத்தை ரொக்கமாகவும், பனிக்கட்டி போட்ட பெட்டியையும் கொண்டுசெல்லுங்கள்.