புதுப்பிப்பு: எம்ஜிபி-யில் வி8 ஏறிவிட்டது, பம்பும் மாறியது

என் 1975 எம்ஜிபி-யின் (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) 1798 சிசி இன்ஜினை எடுத்துவிட்டு ரோவர் கம்பெனியின் 3.5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்) போடப்போவதாகச் சொல்லி, பழைய எஸ்யு கம்பெனி பெட்ரோல் பம்பு ஈடுகொடுக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். இன்ஜின் ஏறிவிட்டது. பயந்த அளவுக்கு வேலை இல்லை. எம்ஜி தொழிற்சாலையே 1973 முதல் 1976 வரை வி8 வண்டி செய்ததால், என்னுடையது போன்ற ரப்பர் பம்பர் மாடல்களில் பானட்டுக்குள் அதற்கு இடம் இருக்கிறது. அலுமினிய இன்ஜின் என்பதால் எடையும் ஏறக்குறைய அதேதான்.

பம்புதான் இழுத்தடித்தது. பழையதில் பாயிண்ட் (மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் தொடுமுனை) கருகியிருந்தது. தட்டினால் ஓடும், விட்டால் நிற்கும். என் கேள்விக்குப் பதிலாக அதிக அழுத்தப் பம்பு வாங்கச் சொன்னீர்கள். ஆனால் இரட்டை எஸ்யு கார்புரேட்டருக்கு (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குத் தருவது) அழுத்தம் 3 பிஎஸ்ஐ சுற்றி இருந்தாலே போதும். ரொம்பக் கூடினால் அதற்குள் பெட்ரோலை அடைக்கும் நீடில் வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழியும். பெரிய இன்ஜினுக்குத் தேவை கூடுதல் பெட்ரோல்தானே, கூடுதல் அழுத்தம் இல்லையே! அதனால் பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் எஸ்யு பம்பையே மாட்டினேன் (அந்த டக் டக் சத்தம் இதிலும் உண்டு, நல்லவேளை). கூடவே பம்புக்கு மின்சாரம் விடும் ரிலே, வண்டி மோதினால் பம்பை நிறுத்தும் இனர்ஷியா சுவிட்ச், எத்தனால் தாங்கும் ஹோஸ். இப்போது மேட்டில் முழுசாக மிதித்தாலும் திணறல் இல்லை.

அடுத்து ரேடியேட்டர். டிராஃபிக்கில் நின்றால் சூடு ஏறுகிறது.