புதுப்பிப்பு: வரவேற்பறைச் சன்னலுக்குத் தேர்ந்தெடுத்த குண்டு துளைக்காத கண்ணாடி

பாலிகார்பனேட் (உறுதியான, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்) தகடு மட்டும் போதுமா, அடுக்குக் கண்ணாடி வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். வெளிப்புறம் கண்ணாடி அடுக்குகளும் உட்புறம் பாலிகார்பனேட்டும் சேர்ந்த கலப்புத் தகட்டையே இறுதியில் தேர்ந்தெடுத்தோம். குண்டு துளைக்காத கண்ணாடிக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 1063-இன் பிஆர்4 வகை, .44 மேக்னம் கைத்துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும். ஆனால் குண்டு நின்றுவிட்டாலும் உட்பக்கம் சில்லுகள் தெறிக்கக்கூடும் என்பதால், சோதனையில் பின்னால் வைக்கும் மெல்லிய அலுமினியத் தாளைச் சில்லுகள் துளைக்காததைக் காட்டும் ‘என்எஸ்’ குறியையும் வலியுறுத்தினோம். மாதிரித் துண்டின் பாலிகார்பனேட் பக்கத்தைச் சாவியால் லேசாக உரசியதற்கே கோடு விழுந்தது. ஆகவே கீறல் தாங்கும் மேற்பூச்சையும் சேர்த்தோம்.

குண்டுவெடிப்பைப் பொறுத்தவரை, தகட்டைப் பற்றி மட்டுமே கேட்ட என் பழைய கேள்வியே அரைகுறையானது: உடைந்த கண்ணாடியை பிவிபி படலம் (கண்ணாடி அடுக்குகளுக்கு நடுவே ஒட்டும் பிளாஸ்டிக் படலம்) பிடித்துக்கொண்டாலும், சன்னல் சட்டமும் சுவரில் பதித்த போல்ட்டுகளும் தாங்காவிட்டால் தகடு முழுதாகப் பெயர்ந்து உள்ளே விழும். சட்டத்தின் வரைபடத்தை இப்போது மாற்றி வரைகிறார்கள்.