ஜப்பானில் கொன்பினி காபி: பால் காபிப் பழக்கமுள்ளவர்கள் எப்படி வாங்குவது?

மண்டபம் வாசி:

அனைவருக்கும் வணக்கம். வரும் மார்ச் மாதம் என் தாயாரை அழைத்துக்கொண்டு டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் செல்ல இருக்கிறேன். அம்மாவுக்கு விடிந்ததும் காபி வேண்டும். கருப்பட்டி போட்டதாக இருந்தால் மகிழ்ச்சி, இல்லாவிட்டால் பாலும் சர்க்கரையுமாவது தூக்கலாக இருக்க வேண்டும். விடுதியில் ஏழு மணிக்கு முன்பு எதுவும் கிடைக்காதாம். செவன் இலெவன், லாசன், ஃபேமிலிமார்ட் போன்ற, இரவு பகலாகத் திறந்திருக்கும் கொன்பினி கடைகளில் இயந்திரக் காபி மலிவாகவும் தரமாகவும் கிடைக்கும் என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் கோப்பையை எங்கே எடுப்பது, பணத்தை முதலில் கட்டுவதா பிறகு கட்டுவதா, பாலுக்கு என்ன வழி என்பதை ஒருவரும் விளக்கவில்லை. எங்களுக்கு ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்தும் தெரியாது. சென்று வந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கீழக்கரை பயணி:

தம்பி, பணம்தான் முதலில். செவன் இலெவனில் சூடான காபி என்றால், கல்லாவில் "ஹோட்டோ கோஹி" என்று சொல்லி, சிறியதற்கு ஆர், பெரியதற்கு எல் என்று அளவையும் சொன்னால், பணத்தைப் பெற்றுக்கொண்டு வெறும் காகிதக் கோப்பையைக் கையில் கொடுப்பார்கள். அதை இயந்திரத்தின் சிறிய கதவுக்குள் வைத்து மூடிப் பொத்தானை அழுத்தியதும், உள்ளே கொட்டை அரைபடும் சத்தம் கேட்கும். ஒரு கோப்பைக்கு வேண்டியதை மட்டும் அப்போதே அரைத்து வடிப்பதால்தான் அந்த விலைக்கு அப்படி ஒரு மணம். முடிந்ததற்கான ஒலி வரும்வரை கதவைத் திறக்காதீர்கள். மூடி, சர்க்கரை, பால் சிமிழ் எல்லாம் பக்கத்திலேயே இருக்கும்.

செவன் இலெவன் இந்தக் காபியை 2013-ஆம் ஆண்டு 100 யென்னுக்குக் கொண்டுவந்தது. பிறகு விலை படிப்படியாக ஏறியிருக்கிறது என்றாலும், சிறிய கோப்பை இன்றும் 200 யென்னுக்குள்தான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எந்த அளவுக்குப் பணம் கட்டினீர்களோ அந்தப் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். யாரும் பார்க்கவில்லையே என்று சிறிய கோப்பையில் பெரிய அளவை நிரப்புவது அங்கே விளையாட்டுக் காரியமன்று. ஹியோகோ மாநிலத்தில் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் இப்படிச் செய்துவந்ததற்காக 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் பணியிலிருந்தே நீக்கப்பட்டார். ஐயம் இருந்தால் கோப்பையைக் கடைக்காரரிடம் காட்டுங்கள். அவரே வந்து பொத்தானைத் தொட்டுக் காட்டுவார்.

தொண்டிக் கடலோரம்:

வாங்கும் முறையைக் கீழக்கரைக் காக்கா (அண்ணன்) தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் சுவையைப் பற்றிச் சொல்கிறேன். நம் வீட்டுத் தூளில் பெரும்பாலும் சிக்கரி கலந்திருப்பதால் டிகாக்ஷன் கெட்டியாக இறங்கும். அங்கே சிக்கரி கிடையாது. செவன் இலெவனில் காகித வடிகட்டியில் வடிப்பதால் காபி தெளிவாகவும் இலேசாகவும் இருக்கும். அதில் பாலை ஊற்றினால் இரண்டின் சுவையும் கெட்டுவிடும் என்பது என் கருத்து. மேலும், சிமிழில் வருவது பெரும்பாலும் தாவர எண்ணெயில் செய்த வெண்ணிறக் கலவைதானே தவிர, கறந்த பால் அன்று. ஆகவே அம்மாவுக்குக் "கஃபே லாத்தே" என்று கேட்டு வாங்குங்கள். அதற்கு இயந்திரத்திலேயே பால் சேர்ந்து வரும், விலை மட்டும் சற்றுக் கூடுதல்.

நீங்கள் குடிப்பதற்கு ஐஸ் காபியைப் பரிந்துரைப்பேன். உறைபெட்டியில் பனிக்கட்டி நிரப்பி மேலே தாள் ஒட்டிய கோப்பைகள் இருக்கும். ஒன்றை எடுத்துப் பணம் கட்டிய பிறகு, தாளை உரித்து இயந்திரத்தில் வைக்க வேண்டும். குளிர்ந்ததில் சர்க்கரை கரையாது என்பதால் அதற்கென்று பாகுச் சிமிழ் தனியாக வைத்திருப்பார்கள். பால் இல்லாத காபியை முகம் சுளிக்காமல் குடிக்க முடிந்தது எனக்கு அங்கேதான். அதற்குத் தண்ணீரும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்: ஜப்பானில் பெரும்பாலான இடங்களில் குழாயில் வருவதே மென்னீர், நமக்கோ காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் கிணற்று உவர்நீரில் போட்ட காபி உப்புக் கரிக்கிறது.

சாயல்குடி:

தொண்டிக்காரர் சொல்லும் ஐஸ் காபி இளையவர்களுக்குச் சரி. மார்ச் மாத விடியற்காலையில் அங்கே நன்றாகக் குளிரும், வயதானவர்களிடம் அதை நீட்டாதீர்கள். பாலும் இனிப்பும் தூக்கலாக வேண்டும் என்பவர்களுக்கு டப்பாக் காபியே ஏற்றது. 1969-ஆம் ஆண்டு யூசிசி நிறுவனம் பால் கலந்து டப்பாவில் அடைத்து விற்கத் தொடங்கியதிலிருந்து அது அங்கே தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. தெருமுனை விற்பனை இயந்திரத்தில் விலைக்குக் கீழே சிவப்புப் பட்டை இருந்தால் சூடு, நீலம் இருந்தால் குளிர்ச்சி; மொழி தெரியாதவர்களுக்கு அந்த நிறம் போதும். கையில் எடுக்கும்போதே சுடும், கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். கருப்பு நிற டப்பாக்களில் சர்க்கரையே இல்லாத காபி இருக்கலாம் என்பதால், பால் படம் போட்டதாகப் பார்த்து எடுப்பது நல்லது.

கருப்பட்டியை உடைத்துத் தூளாக்கிச் சிறு டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள், தம்பி. லாத்தே சூடாக இருக்கும்போதே போட்டால் கரைந்துவிடும். அறையில் வைத்திருக்கும் மின்கெண்டியில் தண்ணீரைத் தவிர வேறெதையும், குறிப்பாகப் பாலை, காய்ச்ச வேண்டாம். அடிபிடித்தால் விடுதிக்காரர்களுக்குப் பதில் சொல்ல முடியாது.

மண்டபம் வாசி:

அனைவருக்கும் மிக்க நன்றி. அக்கா சொன்னபடி கருப்பட்டித் தூள் இப்போதே பட்டியலில் ஏறிவிட்டது. காக்கா, இரண்டு கேள்விகள்: சில்லறை இல்லாமல் சமாளிக்க முடியுமா? வாங்கிய காபியை எங்கே நின்று குடிப்பது?

கீழக்கரை பயணி:

இரயிலுக்கு வாங்கும் சுயிகா அல்லது இக்கோக்கா அட்டையையே கல்லாவிலும் காட்டலாம். சில கடைகளில் அமர்ந்து குடிக்கச் சிறிய மேசை உண்டு. 2019 அக்டோபர் முதல் அங்கே அமர்ந்து குடித்தால் 10 விழுக்காடும், வாங்கிக்கொண்டு வெளியேறினால் 8 விழுக்காடும் வரி. நடந்துகொண்டே குடிப்பதை அங்குள்ளவர்கள் அவ்வளவாக விரும்புவதில்லை. அதைவிடப் பெரிய தொல்லை, தெருவில் குப்பைத் தொட்டியைத் தேடினாலும் கிடைக்காது என்பதுதான். எனவே கடை வாசலில் ஓரமாக நின்று அம்மா நிதானமாகக் குடித்து முடிக்கட்டும். காலிக் கோப்பையை அந்தக் கடைத் தொட்டியிலேயே போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.