போட் மோட்டார் கியர் லிவர் கல்லு மாதிரி டைட்டா இருக்கு, எங்க பாக்கணும்?

பழவை படகு:
வணக்கம் அண்ணங்களே. எங்கள்ட்ட ஒரு 9.9 எச்பி அவுட்போர்டு இருக்கு, ரெண்டு ஸ்ட்ரோக்கு, கைப்பிடி மாடல், பழவேற்காடு ஏரியில ஃபைபர் படகுல போட்டு ஓட்டுறோம், முகத்துவாரம் தாண்டி கொஞ்சம் கடலுக்கும் போவோம். மழைக்கு ஒன்றரை மாசம் கரையில கெடந்துச்சு, அப்பா சாக்கு போட்டு மூடி வெச்சாரு அவ்ளோதான். இப்ப எடுத்து மாட்டுனா மூணாவது இழுப்புல ஸ்டார்ட் ஆவுது, தண்ணியும் நல்லா அடிக்குது, ஆனா கியர் போட ரெண்டு கையும் வேணும், ரிவர்ஸ் சுத்தமா விழல. நேத்து முகத்துவாரத்துல பின்னாடி எடுக்க முடியாம மணல் திட்டுல ஏறி உக்காந்துட்டோம், நாலு பேரு இடுப்பளவு தண்ணியில எறங்கி தள்ளுனோம். அப்பா லிவர்ல ஒரு பைப்பை சொருகி நெம்புனா சரியாயிடும்ங்கிறாரு. செய்யலாமா?

முத்துக்கரை (தூத்துக்குடி):
பைப்பெல்லாம் போட்டு நெம்பிராதீங்க தம்பி. லிவர் ஒடஞ்சா அது சின்ன செலவு, உள்ள ராடு வளஞ்சா மோட்டாரோட காலையே (தண்ணிக்குள்ள நிக்கிற கீழ்ப்பாகம்) பிரிக்கணும். மொதல்ல ஒண்ணு சொல்லுங்க, இஞ்சின் ஆஃப்ல கியர் போட்டு பாத்துட்டு டைட்டுங்கீங்களா? ஏன்னா ப்ரொப்பல்லர் நிக்கும்போது உள்ள இருக்க நாய்ப்பல்லும் (டாக் கிளட்ச், கியரை போய் பிடிக்கிற பல்லு) கியர் பல்லும் நேருக்கு நேர் முட்டிக்கிட்டா எந்த மோட்டாரும் விழாது, அது ரிப்பேரே இல்ல. பிளக் கேப்பை கழட்டி வெச்சுட்டு (இத மறக்காதீங்க, கையால சுத்தும்போது இஞ்சின் பிடிச்சுட்டா வெரலு போயிரும்) ஒருத்தர் ப்ரொப்பல்லரை மெதுவா சுத்த ஒருத்தர் லிவரை போட்டு பாருங்க.

அப்பவும் டைட்டுன்னா கோளாறு மேலயா கீழயான்னு பிரிச்சு பாக்கணும், அதத் தெரியாம எதையும் கழட்டக் கூடாது. மேல லிவர்ல இருந்து வர்ற ராடும் காலுக்குள்ள எறங்குற ராடும் சேர்ற ஜாயிண்ட் ஒண்ணு இருக்கும், அந்த போல்ட்டை எடுத்துட்டு லிவரை மட்டும் ஆட்டுங்க. லிவர் டைட்டுன்னா மேல. லிவர் லூசா ஓடி, கீழ் ராடு அசையலன்னா கியர் பாக்ஸ். என் அனுபவத்துல சும்மா கெடந்த மோட்டாருக்கு முக்காவாசி மேலதான், லிவர் சாஃப்ட் போற எடத்துல புஷ்ஷுக்கு (சாஃப்டை சுத்தி இருக்க வளையம்) பின்னாடி அலுமினியம் வெள்ளையா பூத்து புஷ்ஷை நெருக்கிப் பிடிச்சுக்கும்.

அலைவாய்:
எனக்கும் இதே பிரச்சனை வந்துச்சு ப்ரோ 40 எச்பில, கேபிளுக்குள்ள ஆயில் ஊத்துனேன் சூப்பரா ஆயிடுச்சு

முத்துக்கரை (தூத்துக்குடி):
@அலைவாய் எத்தன நாளைக்கு?

அலைவாய்:
ரெண்டு வாரம் 😅 அப்புறம் கேபிளை மாத்திட்டேன்

கரைவலை (யாழ்ப்பாணம்):
தம்பியின்ர மோட்டாருக்கு கேபிளே இல்லை, பிறகெங்க ஒயில் விடுறது. ரிமோட் வச்ச ஆக்களுக்குத்தான் அந்தக் கதை, உள்ளுக்க துரு ஏறின கேபிளை மாத்திறதுதான் வழி.

மேல சொன்ன அண்ணை சொன்னது சரி. அதோட கியர் ஒயிலையும் ஒருக்கா பாருங்கோ. கீழ் ஸ்குரூவை கொஞ்சமா இளக்கினால் முதல்ல என்ன வருதெண்டு கவனியுங்கோ, பால் தேத்தண்ணி நிறத்தில வந்தால் உள்ளுக்க தண்ணி போயிருக்கு. புது ஒயில் விடேக்க கீழ் ஓட்டையால ஏத்தவேணும், மேல் ஓட்டையால வழியிற வரைக்கும், பிறகு மேல் ஸ்குரூவை முதல் பூட்டிப்போட்டு கீழ. மேலால ஊத்தினால் காத்து நிண்டு அரைவாசிதான் இறங்கும். வாஷர் ரெண்டும் புதுசு போடுங்கோ.

இன்னொண்டு, கியரை நோகாமல் மெல்லமா தள்ளுற பழக்கம் இருந்தால் விடுங்கோ. ஐடிலுக்கு இறக்கிப்போட்டு ஒரே தட்டில போடவேணும். மெல்லமா போட்டால் பல்லு கரகரவெண்டு உரசி முனை மழுங்கும், பிறகு கியர் தானா கழரத் தொடங்கும்.

பழவை படகு:
இன்னைக்கு பூரா அதான் வேலை. ஜாயிண்ட் போல்ட்டே வரல, ராத்திரி டபிள்யூடி 40 அடிச்சு ஊற வெச்சு காலையில தட்டித் தட்டி எடுத்தோம். கீழ் ராடு ரெண்டு வெரல்ல நகருது! லிவர்தான் அசையவே இல்ல. சாஃப்டை மரக்கட்டை வெச்சு தட்டி உருவுனா முத்துக்கரை அண்ணன் சொன்ன மாதிரியே புஷ்ஷுக்கு பின்னாடி சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. உப்புத்தாள் போட்டு தேச்சு, நல்ல தண்ணியில கழுவி, காய வெச்சு, மரைன் கிரீஸ் தடவி, லிவரையும் ராடையும் நியூட்ரல்ல வெச்சு மாட்டுனேன். இப்ப ஒரு கையால டக்குனு விழுது, ரிவர்ஸும். அப்பா வந்து பாத்துட்டு ஒண்ணுமே சொல்லல, அந்த பைப்பை எடுத்து தோட்டத்துல போட்டாரு.

ஆனா கியர் ஆயில் பாத்தப்ப மொதல்ல ஒரு ஸ்பூன் அளவு தண்ணி வந்துச்சு, பின்னாடி கொஞ்சம் வெளுத்த ஆயில். புதுசு மாத்திட்டேன். பயப்படணுமா?

கரைவலை (யாழ்ப்பாணம்):
நாலஞ்சு தரம் ஓடிப்போட்டு திருப்பிப் பாருங்கோ. திரும்பவும் தண்ணியெண்டால் சீல் (தண்ணி உள்ளுக்க போகாமல் மறிக்கிற வளையம்) பழுது. ப்ரொப்பல்லரை கழட்டி சாஃப்டில தங்கூசி (நைலோன் நரம்பு) சுத்தியிருக்கோ எண்டும் பாருங்கோ, சீலை அறுக்கிறது அதுதான்.

பழவை படகு:
கழட்டிட்டேண்ணே. ஒரு முழம் நரம்பு சுத்திக்கிட்டு இருந்துச்சு. பச்சைக் கலரு, எங்க வலையே இல்ல அது.