மூக்கு சொன்னது ஓமம், தண்டு சொன்னது துளசி

ஆகஸ்டில் உத்தரகாண்டின் பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போயிருந்தேன். காங்கரியாவிலிருந்து ஏறும்போது மூச்சு வாங்கவே, ஒரு பாறையில் கை ஊன்றி உட்கார்ந்தேன். குப்பென்று ஓம வாசனை! யாரோ ஓமத் தண்ணீர் பாட்டிலைத் திறந்த மாதிரி. பார்த்தால் பாறை இடுக்கில் பாய் விரித்தது போல ஒரு செடி, நாலு விரல் உயரம்கூட இல்லை. அரிசி நீளத்துக்கு இலைகள், எதிரெதிராக. நுனியில் ஊதாப் பூக்கள் சின்னக் கொத்தாக.

கூட வந்த வழிகாட்டி "பன் அஜ்வாயின்" என்றார். காட்டு ஓமம். நானும் ஓமத்தின் மலை வகை என்றே நம்பிவிட்டேன். அப்புறம் தண்டை விரலிடையே உருட்டினால் உருளவில்லை, நாலு பட்டை. பூவுக்கும் இரண்டு உதடு. ஓமம் கொத்தமல்லிக்கும் சீரகத்துக்கும் சொந்தம், குடை விரித்த மாதிரிதான் பூக்கும். இது துளசி, கற்பூரவல்லி குடும்பம். பெயர் தைமஸ் லீனியாரிஸ், இமயமலையின் காட்டு தைம். இரண்டு செடியின் எண்ணெயிலும் தைமால் என்ற வாசனைப் பொருள் இருப்பதால்தான் மூக்கு ஏமாந்தது. பறிக்கக் கூடாத இடம் என்பதால் மண்டியிட்டு லென்ஸில் பார்த்தேன். இலை முழுக்க எண்ணெய்ச் சுரப்பிகள், ஊசியால் குத்தி வைத்தது போல.

* * *

நான் இருப்பது இங்கிலாந்தில், சசெக்ஸ் சுண்ணாம்புக் குன்றுகள் பக்கம். இங்கே காட்டு தைம் மஞ்சள் எறும்புகள் எழுப்பிய மண்மேடுகளின் தலையில் தொப்பி மாதிரி படரும். மேட்டைத் தேடினால் செடி கிடைத்துவிடும்.

நாலு பட்டையோடு நிற்காதீர்கள், எந்த வகை தைம் என்று அறிய தண்டில் ரோமம் எங்கே என்றும் பாருங்கள். எதிரெதிர் இரண்டு பக்கங்களில் மட்டும் அடர்ந்திருந்தால் தைமஸ் பாலிட்ரைகஸ். சுற்றிலும் இருந்தால் செர்பில்லம். நாலு விளிம்புகளில் மட்டும் என்றால் புலஜியாய்டிஸ். இங்கிலாந்தில் உள்ள இந்த மூன்று வகைக்கு இந்தக் கணக்கு சரி, இமயமலைக்குச் செல்லாது. பூங்கொத்துக்குச் சற்றுக் கீழே பார்க்க வேண்டும். நான் முதல் வருஷம் அடித்தண்டைப் பார்த்துவிட்டு நோட்டு முழுக்கத் தப்பான பெயர் எழுதி வைத்தேன்!

இன்னொன்று. ஒரு மேட்டுச் செடியில் மகரந்தத் தாள்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்து மேட்டில் பூவும் சின்னது, தாள்களும் காணோம். ஏதோ நோய் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது பெண் பூக்கள் மட்டுமே பூக்கும் செடி. விதை நன்றாகவே பிடித்திருந்தது.