கடையின் பெயரைக் கூகுளில் தேடினால் சூதாட்டப் பக்கங்கள் வருகின்றன: என்ன செய்வது?

பனையோலை (கேள்வி)

வணக்கம். உடன்குடி வட்டாரத்துப் பனைத் தொழிலாளர்களிடம் கருப்பட்டியும் பனங்கற்கண்டும் வாங்கி, வேர்ட்பிரஸில் அமைத்த சொந்த இணையதளம் வழியாக விற்று வருகிறேன். கோவையிலிருந்து வழக்கமாக வாங்கும் ஓர் அம்மா அழைத்து, எங்கள் கடைப் பெயரைக் கூகுளில் தேடினால் சூதாட்டச் செயலிகளின் பெயர்களும், பிள்ளைகள் முன் வாசிக்க முடியாத வரிகளும் வருகின்றன என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். தேடிப் பார்த்தேன், உண்மைதான். அவற்றின் முகவரி எங்கள் தளத்தினுடையதாகவே இருக்கிறது. கணினியில் அந்த முகவரியை நேரடியாகத் தட்டினால் 'பக்கம் கிடைக்கவில்லை' என்று வருகிறது. அலைபேசியில் கூகுள் முடிவைத் தொட்டால் மட்டும் ஏதோ ஒரு பந்தயத் தளத்துக்குப் போய்விடுகிறது. ஹோஸ்டிங் நிறுவனத்தாரிடம் கேட்டதற்குத் தங்கள் சர்வரில் குறையில்லை என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள்.

சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் மலிந்திருக்கும் காலத்தில், பெயரை நம்பித்தான் மக்கள் எங்களிடம் வாங்குகிறார்கள். இந்தப் பக்கங்களை ரோபோட்ஸ் கோப்பில் தடுத்துவிட்டால் போதுமா, கூகுளிடம் நீக்கக் கோர வேண்டுமா, அல்லது புதுப் பெயரில் தளத்தைத் தொடங்குவதுதான் வழியா?

மதுரை வலைப்பணி

பெயரை மாற்ற வேண்டாம் ஐயா. உங்கள் தளத்துக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள். கூகுளின் தேடல் நிரலுக்கும், கூகுள் வழியாக வருபவருக்கும் ஒரு பக்கத்தைக் காட்டி, நேரடியாக வருபவருக்கு வேறொன்றைக் காட்டுவது இவர்களின் வழக்கமான உத்தி. உரிமையாளர் கண்ணில் படாமல் பல மாதங்கள் ஓடுவதும் அதனால்தான். கூகுளில் சைட் என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளியிட்டு, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைச் சேர்த்துத் தேடினால் பாதிப்பு எவ்வளவு பரவியிருக்கிறது என்று ஓரளவு தெரியும். அதன்பின், தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற சேவையில் உள்ள முகவரி ஆய்வுக் கருவியில் அப்பக்கங்களில் ஒன்றை இட்டுப் பாருங்கள். கூகுளுக்கு என்ன காட்டப்படுகிறது என்பது அங்கே வெளிப்படும்.

ரோபோட்ஸ் கோப்பில் தடுப்பது எதிர்விளைவையே தரும். அந்தக் கோப்பு கூகுளை உள்ளே வராதே என்று நிறுத்துகிறதே தவிர, ஏற்கெனவே பட்டியலில் ஏறியதை நீக்குவதில்லை. அப்பக்கம் இப்போது இல்லை என்பதைக் கூகுள் வந்து பார்த்தால்தான் அது பட்டியலிலிருந்து விழும். வாசலையே அடைத்துவிட்டால் எப்படிப் பார்க்கும்? நீக்கக் கோரும் கருவியும் ஏறத்தாழ 6 மாதங்களுக்கு மறைத்து வைக்கும், அவ்வளவுதான். ஓட்டை திறந்தே இருந்தால் அந்தக் காலத்துக்குள் புதிய பக்கங்கள் முளைத்துவிடும்.

எனவே முதலில் சுத்தம் செய்யுங்கள். தளம் முழுவதையும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, வேர்ட்பிரஸின் மூலக் கோப்புகளையும், தளத்துக்குத் தோற்றம் தரும் தீம், கூடுதல் வசதிகள் தரும் பிளகின்கள் ஆகியவற்றையும் அழித்து, அதிகாரபூர்வ இடத்திலிருந்து புதிதாக இடுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றை இலவசமாகத் தரும் தளங்களிலிருந்து யாரேனும் எடுத்துப் போட்டிருந்தால், பெரும்பாலும் வில்லங்கம் அங்கேதான் இருக்கும். படங்கள் ஏறும் 'அப்லோட்ஸ்' கோப்புறையில் பிஎச்பி கோப்பு (சர்வரில் ஓடும் நிரல்) இருக்க வேண்டிய தேவை பொதுவாக இல்லை, இருந்தால் சந்தேகியுங்கள். எச்டிஅக்சஸ் கோப்பு (எந்த முகவரிக்கு எதைக் காட்டுவது என்று சர்வருக்குச் சொல்வது), தளவரைபடம் (தளத்தின் பக்கங்களைக் கூகுளுக்குப் பட்டியலிட்டுத் தரும் கோப்பு), சர்வரில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் பணிகள், அறிமுகமில்லாத நிர்வாகிக் கணக்குகள் ஆகியவற்றையும் விடாமல் பாருங்கள். கடவுச்சொற்கள் அனைத்தையும் மாற்றுங்கள். ஹோஸ்டிங், தரவுத்தளம் ஆகியவற்றின் கடவுச்சொற்களைத்தான் பலர் மறக்கிறார்கள்.

இவ்வளவும் முடிந்தபின் நீக்கக் கோரும் கருவியைப் பயன்படுத்தினால் நல்ல பயன் கிடைக்கும். அந்தப் பக்கங்கள் ஒரே கோப்புறைப் பெயரில் தொடங்கினால் ஒரே கோரிக்கையில் எல்லாவற்றையும் மறைக்கலாம். சர்ச் கன்சோலின் பாதுகாப்புச் சிக்கல்கள் பகுதியில் எச்சரிக்கை வந்திருந்தால், மறு ஆய்வையும் அங்கேயே கோருங்கள்.

சின்னாளபட்டி நெசவுக்கடை

மேலே சொன்னது ஊடுருவலுக்குப் பொருந்தும். வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் சேலைக் கடையின் தளத்தில் யாரும் புகாமலேயே இதே அவமானம் நேர்ந்தது. தளத்துக்குள் உள்ள தேடல் பெட்டியில் எதை எழுதினாலும் அந்தச் சொல்லைத் தலைப்பாகக் கொண்ட ஒரு பக்கம் உருவாகும் அல்லவா? சூதாட்ட வரிகளை இட்டு உருவாகும் அப்படிப்பட்ட முகவரிகளுக்கு வெளித்தளங்களிலிருந்து இணைப்புக் கொடுத்துவிட்டார்கள். கூகுள் அவற்றை எங்கள் பக்கங்களாகவே எடுத்துக்கொண்டது. தேடல் முடிவுப் பக்கங்கள் அனைத்திலும், பட்டியலில் சேர்க்காதே என்று கூகுளுக்குச் சொல்லும் நோஇண்டெக்ஸ் குறியை இட்டபின் படிப்படியாக மறைந்தன. வேர்ட்பிரஸில் 5.7 பதிப்பு முதல் இந்தக் குறி தானாகவே இடப்படுகிறது. எங்களுடையது தனியாக எழுதப்பட்ட தளம்.

பனையோலை

இருவருக்கும் மிக்க நன்றி. அப்லோட்ஸ் கோப்புறைக்குள் படத்தின் பெயரைப் போலவே பெயரிடப்பட்ட இரண்டு பிஎச்பி கோப்புகள் கிடைத்தன. அதைவிட, சர்ச் கன்சோலில் எனக்குத் தெரியாத ஒரு மின்னஞ்சல் முகவரி உரிமையாளர் என்று இருக்கிறது. அதை நீக்கினால் மீண்டும் வந்துவிடாதா?

மதுரை வலைப்பணி

அப்படியே நீக்கினால் வந்துவிடும் ஐயா. தளம் தம்முடையது என்று கூகுளுக்கு மெய்ப்பிக்க, அவர்கள் ஒரு சரிபார்ப்புக் கோப்பையோ, முகப்புப் பக்கத்தில் ஒரு குறியையோ வைத்திருப்பார்கள். தளத்தின் மூலக் கோப்புறையில் கூகுள் என்று தொடங்கும் எச்டிஎம்எல் கோப்பு எதுவும் நீங்கள் வைக்காததாக இருந்தால் முதலில் அதை அழியுங்கள். சிலவேளை எச்டிஅக்சஸ் வழியாக அந்தக் கோப்பு இருப்பதுபோல் காட்டுவார்கள். அழித்தபின்னும் முகவரி திறந்தால் அங்கே தேடுங்கள். அதன்பின் அந்த உரிமையாளரை நீக்கி, அவர் ஏற்றியிருக்கும் தளவரைபடங்களையும் அகற்றுங்கள்.

உங்கள் தளத்தில் பணம் செலுத்தும் பக்கம் இருப்பதால், அதிலும் ஏதேனும் நிரல் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும்வரை ஆர்டர்களை வாட்ஸ்அப்பில் மட்டும் வாங்குங்கள். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்துவிடுங்கள். வாடிக்கையாளர் யாரேனும் அந்தப் பந்தயத் தளத்தில் பணம் இழந்திருந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணை அழைக்கச் சொல்லுங்கள்.