'ஹேட்' போடணுமா வேண்டாமா? பாஸ்ட் பெர்ஃபெக்ட்டோட உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கோவை, வாகன இன்சூரன்ஸ்

கிளெய்ம் பிரிவுல வேலை. விபத்து எப்படி நடந்ததுன்னு வண்டி ஓட்டினவர் எழுதித் தர்றதைத்தான் தினமும் படிக்கிறேன். 'ஹேட்' சேர்த்து, இன்னொண்ணுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சதைச் சொல்ற இந்த பாஸ்ட் பெர்ஃபெக்ட்டுக்கு என்ன மதிப்புன்னு இந்த சீட்லதான் தெரிஞ்சுது.

ஒருத்தர் எழுதியிருந்தார்: "வென் தி லாரி ஹிட் அஸ், தி கார் ஸ்டாப்டு." லாரி இடிச்சுது, அப்புறம் கார் நின்னுதுன்னுதான் படிக்கிறவர் எடுத்துக்குவார். அதாவது, கார் ஓடிக்கிட்டு இருந்திருக்கு. நேர்ல கேட்டா, "இல்லைங்க, சிக்னல்ல நான் முன்னாடியே நின்னுட்டனுங்க, பின்னாடி வந்து மோதிட்டான்"ங்கறார். அப்ப "தி கார் ஹேட் ஸ்டாப்டு"ன்னு இருக்கணும். நின்ன வண்டியா, ஓடின வண்டியாங்கறதை வச்சுத்தான் தப்பு யார் மேலன்னே பார்ப்பாங்க. அவரே திருத்தி எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போனார்.

இதுக்கு நேர் எதிரா, வரிக்கு வரி ஹேட் போடுறவங்கதான் அதிகம். "ஐ ஹேட் கான் டு சேலம். ஐ ஹேட் பார்க்டு தி கார்." நம்ம பேச்சுல 'சேலம் போயிருந்தேன்'னு சொன்னா அதோட முடிஞ்சுது, யாரும் மேல கேட்க மாட்டாங்க. இங்கிலீஷ்ல ஹேட் வந்தாலே, அதுக்குப் பின்னாடி நடந்த வேற ஒண்ணு பக்கத்துல எங்கியாவது இருக்கணும். இல்லைன்னா படிக்கிறவர் அதைத் தேடிக்கிட்டே போவார். நடந்த வரிசையிலயே சொல்றீங்களா, வென்ட், பார்க்டு போதும். வரிசையை விட்டு முன்னாடி நடந்ததுக்குத் திரும்பிப் போறப்பதான் ஹேட் வேணும். ஆஃப்டர், பிஃபோர் இருந்தா பெரும்பாலும் அதுவும் தேவையில்லை, எது முந்திங்கறதை அந்தச் சொல்லே காட்டிடும்.

மதுரை, செவிலியர்

அண்ணன் சொன்ன சிக்னல் விஷயம் மாதிரியேதான் எங்க ஓஇடி பரீட்சையும் (வெளிநாட்டு வேலைக்குப் போற நர்ஸ், டாக்டர் மாதிரி ஆளுங்க எழுதுற இங்கிலீஷ் பரீட்சை). கேஸ் நோட்ஸ் குடுத்து, 180லிருந்து 200 சொல்லுக்குள்ள டாக்டருக்கோ வேற நர்ஸுக்கோ கடிதம் எழுதச் சொல்வாங்க. பயிற்சியில கூடப் படிச்ச பிள்ளை எழுதுச்சு: "ஹி வாஸ் அட்மிட்டட் வித் ஹை பிளட் பிரஷர் அண்ட் ஸ்டாப்டு ஹிஸ் டேப்லெட்ஸ்." படிக்கிற டாக்டர், வார்டுல சேர்ந்த பிறகு மாத்திரையை விட்டுட்டார்னு நினைப்பாரு. உண்மையில அந்த மாத்திரையை விட்டதாலதான் அவரு வார்டுக்கே வந்தாரு! "ஹி ஹேட் ஸ்டாப்டு ஹிஸ் டேப்லெட்ஸ் டூ வீக்ஸ் எர்லியர்"னு மாத்தினதும் காரணம் எது, விளைவு எதுன்னு பளிச்சுனு தெரிஞ்சுச்சு. இதுல இன்னொண்ணும் கவனிங்க. அங்க 'டூ வீக்ஸ் அகோ' வராது. அகோ இன்னைக்கிலிருந்து பின்னாடி எண்ணுறது, எர்லியர் அட்மிஷன் தேதியிலிருந்து எண்ணுறது. மருந்து விஷயத்துல இது சின்ன வித்தியாசம் இல்லங்க.

சென்னை, கால் சென்டர்

எழுதுறப்பவாவது ஹேட் கண்ணுக்குத் தெரியும். போன்ல அது 'ட்'னு ஒரு ஒலியா சுருங்கிடும். அமெரிக்கா கஸ்டமர் ஒரு அம்மா, "வென் யூ சார்ஜ்டு மை கார்டு, ஐட் கேன்சல்டு"ன்னு சொன்னாங்க. டீமுக்குப் புதுசா வந்த தம்பி காதுல 'ஐ கேன்சல்டு'ன்னுதான் விழுந்திருக்கு. பணம் எடுத்ததுக்கு அப்புறம் கேன்சல் பண்ணினாங்கன்னு பதிஞ்சு, ரீஃபண்ட் இல்லைன்னுட்டான். அந்த அம்மா கொதிச்சுப் போய் மறுபடி கூப்பிட்டாங்க. ரெக்கார்டிங்கை நிதானமா ஓட்டிக் கேட்டா அந்த 'ட்' இருக்கு. ரீஃபண்ட் குடுத்துட்டோம். இப்ப புதுசா வர்றவங்களுக்கு நான் முதல்ல சொல்லித் தர்ற கேள்வியே, "ஹேட் யூ ஆல்ரெடி கேன்சல்டு பை தட் டேட், மேம்?"